ஆயாக் கொட்டகையும் முதியோர் கட்டிலும்

பெற்றோரை முதுமையில் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்பதை நம்மவரில் மறுப்பார் எவருமில்லை. மேடையில் முழங்குவோரும் அதனையே கூறுகின்றனர். கல்யாண வீட்டில் வெற்றிலை மடித்து அமர்ந்திருப்போரும் அதனையே கூறுகின்றனர். ஆயினும், படுக்கையில் வீழ்ந்த முதியவரைப் புரட்டிக் கிடத்துவது யார், மலஜலம் எடுப்பது யார், நடுநிசியில் அவர் கூப்பிட்டால் எழுவது யார் என்று கேட்டால் மட்டும் பலருக்கும் நா எழுவதில்லை. கடமை ஒருவர் பெயரிலும், அதன் பாடு மற்றொருவர் முதுகிலும் இருக்குமாயின், அக்கடமை நிறைவேறியதாகக் கொள்ளலாகுமா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைச் சொல்லிவிடுவதே முறை. நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கிறோம். பால்மரம் வெட்டி நம்மை ஆங்கிலம் படிக்க வைத்த தாயார், மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தால் படுத்தார். தம்பி சிங்கப்பூரிலிருந்து மாதந்தவறாமல் பணம் அனுப்பினார். நாம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். மருந்துச் சீட்டுகளைப் படித்துச் சொன்னோம். "தாயைத் தாங்கும் பிள்ளைகள்" என்று ஊரார் புகழ்ந்தனர். அப்புகழை நாமும் கூச்சமின்றி ஏற்றோம்.

ஒரு முறை நம் மனைவியார் காய்ச்சலில் விழவே, இரண்டு இரவுகள் நாமே தாயாரைக் கவனிக்க நேர்ந்தது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிடில் முதுகில் புண் விழும் என்பதை அன்றுதான் அறிந்தோம். மூன்றாம் நாள் காலை ஆபீசுக்குச் செல்ல நம்மால் எழ முடியவில்லை. அவரோ அதனை ஆயிரம் இரவுகள் செய்திருந்தார். அதற்காக அவர் பட்டணத்தில் பார்த்து வந்த வேலையையும் விட்டிருந்தார். மாதந்தோறும் தொழிலாளர் பெயர்களுக்கு நேரே சேமநிதித் தொகையைப் பதிவு செய்யும் நமக்கு, நம் மனைவி பெயரில் அந்த மூன்றாண்டுகளாக ஒரு காசும் ஏறவில்லை என்பது தோன்றவேயில்லை. அவருக்கும் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் உண்டு என்பதுங்கூட நம் நினைவில் இருந்ததில்லை.

பெற்றோரைப் பேணுதலைக் கடன் என்று சிலர் சொல்வர். கடனாயின், வாங்கியவனன்றோ செலுத்த வேண்டும்? மருமகள் நம் தாயாரிடம் வாங்கியது யாது? அது கடனன்று, அன்பு என்று வேறு சிலர் சொல்வர். அன்பாயின், அதனைப் பிறர்மீது கட்டளையாக விதிப்பது எங்ஙனம் பொருந்தும்? எவ்வழி நோக்கினும், மகன் தன் கையை ஒளித்துக்கொள்ள நியாயம் இல்லை.

"முன்னோர் கூட்டுக் குடும்பத்தில் இதெல்லாம் தானே நடந்தது" என்று ஆட்சேபிப்பவர்கள், நம் தோட்டங்களின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மலாயாவில் 1907 ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமாரிடம் வசூலித்த அந்நிதியிலிருந்தே இளைஞர்களை இங்கே கொண்டுவரக் கப்பற் செலவும், உழைக்க இயலாமற்போனோரைத் திருப்பியனுப்பும் செலவும் நடந்தன. தோட்டம் இளமையை வாங்கிற்று, முதுமையைக் கப்பலேற்றிற்று. 1938 இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்த பின்னரும், யுத்தத்திற்குப் பின்னரும், நம் மக்கள் இந்நாட்டிலேயே வேரூன்றினர். 1951 இல் ஊழியர் சேமநிதி வந்தது. ஆயினும் லயத்து வீடு வேலைக்கென்று தரப்பட்டதாதலின், வேலை ஓய்ந்தவர் பலர் வீட்டையும் விட வேண்டியதாயிற்று. பிள்ளைகளோ ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சிதறினர். கூட்டுக் குடும்பம் நிலைத்து நிற்க, நம்மவருக்கு நிலமாவது கூரையாவது எங்கே இருந்தது?

இத்தகைய தோட்டத்திலேயே நமக்கு ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. அதுதான் ஆயாக் கொட்டகை. தாய் மரம் வெட்டப் போக வேண்டுமாயின், அவள் குழந்தையை வேறொருவர் பார்க்க வேண்டும் என்பதைத் தோட்டம் ஒப்புக்கொண்டது. குழந்தையை அங்கே விட்டுச் சென்ற தாயை எவரும் பாசமற்றவள் என்று ஏசியதில்லை. தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்ட தலைப்பிலேயே குழந்தைக் காப்பகம் இடம்பெற்றிருக்கிறது. முதியோர் காப்பகத்திற்கு அதில் இடமில்லை. வாழ்வின் தொடக்கத்திலுள்ள இயலாமையைப் பொதுப் பாரமாகக் கொண்ட நாம், அதன் முடிவிலுள்ள இயலாமையை ஒரு பெண்ணின் தனிப் பாரமாக விட்டுவிட்டோம்.

சட்டம் இதைத் தீர்க்குமா? பெற்றோர் தம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வழி செய்யும் சட்டத்தைச் சிங்கப்பூர் 1995 இலும், இந்தியா 2007 இலும் இயற்றின. அவை பணத்தை வாங்கித் தரும். இரவில் எழும் கையை வாங்கித் தர மாட்டா. ஜப்பானில் பெரும்பாலும் மருமகள்மாரே இச்சுமையைச் சுமந்திருந்தனர். அந்நாடு 2000 ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை ஏற்படுத்தி, நாற்பது வயது முதல் யாவரும் அதற்குப் பணம் செலுத்த விதித்தது. நம் நாட்டில் சமூக நல இலாகா வறிய முதியோருக்கும், படுக்கையிலுள்ள நோயாளரைப் பார்ப்போருக்கும் உதவித்தொகை தருகிறது. கேட்டு வாங்குவதை இழிவென்று எண்ணி எத்தனை குடும்பங்கள் விண்ணப்பிக்காமலே இருக்கின்றன! ஜொகூர் பாருவில் ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம் உண்டு; ஆனால் அது ஆதரவற்றவராயும் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளக் கூடியவராயும் உள்ளோர்க்கே உரியது. ஆகவே, படுத்துவிட்டவரின் பாரம் வீட்டிற்கே திரும்பி வருகிறது.

தனியார் இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்பாரும் உளர். கைவிடுதல் வேறு, துணை தேடுதல் வேறு. இல்லத்தில் சேர்த்துவிட்டு வாரந்தோறும் சென்று தலை வாரி விடும் மகளும் உண்டு. ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு அறைக்குள் எட்டிப் பாராத மகனும் உண்டு. இவ்விருவரில் கைவிட்டவர் யார்? உயிரோடிருக்கையில் கஞ்சி ஊற்ற ஆளில்லை. கருமாதிக்கோ கடன் வாங்கிப் பந்தல் போடுகிறோம். அப்பந்தற் செலவில் சில மாதங்களுக்கு ஒரு தாதியை அமர்த்தலாமே.

நம் வீட்டில் இப்போது வெள்ளி, சனி இரவுகள் நம்முடையவை. தம்பி ஞாயிறுதோறும் பாலம் கடந்து வந்து அன்றைய பணி முழுதும் செய்கிறார். அன்று நம் மனைவி தம் தாயாரைக் காணச் செல்கிறார். அவர் பெயரில் சேமநிதிக்கு மாதந்தோறும் நாமே விரும்பிச் செலுத்துகிறோம். முதல் நாள், மகன் தம்மைக் கழுவுவதா என்று தாயார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நமக்கும் கை நடுங்கிற்று. சில வாரங்களில் அழுகை நின்றது. மருமகளின் கையே இதம் என்று இன்றும் சொல்லுவார். அது மெய்யே, ஆயிரம் இரவுகள் பழகிய கை அது.

அன்பர்களே, உங்கள் வீட்டுக் கட்டிலருகே எழும் கை யாருடையது என்று இன்றிரவே பாருங்கள். அது ஒரே கையாயின், கூடப்பிறந்தோரை அழைத்து, பணத்தோடு இரவுகளையும் பங்கிடுங்கள். பின்னர், தோட்டத்து மண்டபங்களும் சங்கக் கட்டிடங்களும் பகலில் முதியோருக்கு ஆயாக் கொட்டகையாகலாகாதா என்று ஊர் கூடி யோசியுங்கள்.