ஒரு வரியை அழிக்கலாமா?

எங்கள் வீட்டில் பத்து வயசைத் தாண்டிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது. ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் அது எழுந்திருக்காது. 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்' என்றார் ரிப்பேர்க் கடைக்காரர். மனசு வரவில்லை. உள்ளே சுழன்று சுழன்று களைத்துப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலவே சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றை நானே மாட்டினேன். நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான்!

அதில் ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸ். அது இருந்த பகுதியை அப்படியே அச்சு எடுத்த மாதிரி புது டிஸ்க்குக்கு மாற்றினேன். அப்பாவின் ஃபோட்டோக்கள், வீட்டுக் கணக்கு எல்லாம் இருந்த இன்னொரு பகுதிக்கு மட்டும் கொஞ்சம் பெரிய இடம் ஒதுக்கி, புதிதாக ஃபார்மேட் செய்து, ஃபைல்களை அதில் காப்பி செய்தேன். பெருமையாக ஆன் செய்தேன்.

கறுப்புத் திரை. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. பத்து விநாடி, இருபது விநாடி... சரியாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, 'எமர்ஜென்சி மோட்' என்று கையை விரித்துவிட்டது. மறுபடி ஆன் செய்தால் மறுபடி அதே 90 விநாடி. புது டிஸ்க் பழுதோ, ஸ்க்ரூவைச் சரியாக முடுக்கவில்லையோ என்று இரண்டு தடவை கழற்றி மாட்டினேன்.

பழுது அங்கே இல்லை. லினக்ஸில் 'எஃப்எஸ்-டேப்' என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. எழுந்ததும் யார் யாரைத் தேட வேண்டும் என்ற வருகைப் பதிவேடு அது. ஒவ்வொரு டிஸ்க் பகுதியும் அதில் பெரும்பாலும் யு.யு.ஐ.டி. என்ற 36 எழுத்து நீள அடையாள எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். ஃபார்மேட் செய்தால் இந்த எண் மாறிவிடும். நான் புது எண் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் பழைய எண்ணே இருந்தது. கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்ட டிஸ்க்கை, பாவம், தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்த லேப்டாப்.

'என்ன முட்டாள் மெஷின்! கைக்கு அகப்பட்ட டிஸ்க்கை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?' என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் அப்படி எடுத்துக்கொண்டால், நீங்கள் செருகி வைத்த யாரோ ஒருவரின் பென் டிரைவில்கூட நம் கணக்கைக் கொண்டுபோய் எழுதிவிடும். ஆள் மாறாட்டம் கூடாது என்பதற்குத்தான் அந்த நீள எண். அது முட்டாள்தனமில்லைங்க, விசுவாசம்.

இப்போது எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. 'ஆபரேஷன் பண்ணிக்கலாம்மா' என்றால், 'அவர் இருந்தா கூட்டிட்டுப் போயிருப்பார்' என்பாள். பேச்சு அதோடு நின்றுவிடும். எனக்கு எரிச்சல். 'எத்தனை நாளைக்கும்மா இதையே சொல்வே? மறந்துட்டு ஆகவேண்டியதைப் பாரு' என்று ஒருநாள் கத்தினேன். அந்த வேகத்தில், அப்பா உட்காரும் பிரம்பு நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் போட்டும் விட்டேன். அம்மா என்னோடு பதினைந்து நாள் பேசவில்லை.

போனவர்களை மறந்தால்தான் இருப்பவர்கள் வாழ முடியுமா? மறப்பது துரோகம் இல்லையா? இந்தக் கேள்விக்கு அந்தச் சின்ன ஃபைலைத் திருத்தும்போதுதான் எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

பழைய வரியை அழிக்கவேண்டிய அவசியமே இல்லை. அதன் தலையில் '#' என்று ஒரு ஹாஷ் குறி போட்டால் போதும். வரி அப்படியே இருக்கும். யார் திறந்தாலும் படிக்கலாம். மெஷின் மட்டும் அதற்காகக் காத்திருக்காது.

ஆனால் அதோடு வேலை முடியவில்லை. வெறும் குறியை மட்டும் போட்டுவிட்டு ஆன் செய்தேன். லேப்டாப் சட்டென்று எழுந்தது. அப்பாவின் ஃபோட்டோக்களைக் காணோம்! கீழே புது எண்ணோடு புது வரி ஒன்றையும் எழுத வேண்டும். எழுதினேன். எல்லாம் வந்துவிட்டன. பழைய டிஸ்க் இல்லை. அது சுமந்ததெல்லாம் வேறு எண்ணில் பத்திரமாக இருந்தது.

அம்மா விஷயத்தில் நான் செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. பழைய வரியை அழி, அழி என்று மிரட்டினேனே தவிர, புது வரியை எழுதினேனா? 'டாக்டரிடம் நேரம் வாங்கிட்டேன், லீவு போட்டுட்டேன், கிளம்பும்மா' என்று ஒருநாளாவது சொன்னேனா? அம்மாவின் பதிவேட்டில் 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர்' என்ற இடத்தில் அப்பா பெயரே இருந்ததற்கு, அங்கே எழுத வேறு பெயர் முன்வராததுதான் காரணம். அவள் விசுவாசத்தைக் குறை சொன்னேன். குறை என்னிடம் இருந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது 'அவர் இருந்தா...' என்று ஆரம்பிக்கிறார்களா? மறக்கச் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தின் மிச்சத்தில் என்ன வேலை இருக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்த வேலைக்கு உங்கள் பெயரை எழுத முடியுமா என்று பாருங்கள்.

போன வாரம் அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவள், கூடத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, 'அந்த நாற்காலி இருந்த இடம் வெறிச்சுனு தெரியுதுடா' என்றாள்.

ஹாஷ் போட்டிருக்க வேண்டிய வரி அது. அழித்துவிட்டேன்.