மருத்துவருக்குப் பட்ட கடன்

நோய் தீர்ந்து வீடு திரும்புகிறவர் மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஏதாவது கொடுக்க நினைப்பது இயல்பு. கட்டணம் கட்டியாகிவிட்டது; அரசு மருத்துவமனையென்றால் சம்பளம் அரசு தருகிறது. அதற்கு மேல் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அது தானமாகாது. பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம், பதிலுக்கு எதுவும் செய்யாதவருக்குக் கொடுப்பதையே சாத்விக தானம் என்கிறது. திருக்குறளும் இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்று தள்ளிவிடுகிறது. அடுத்த வீட்டில் ஒரு உழக்கு அரிசி வாங்கி, பிறகு அதே உழக்கால் அளந்து கொடுக்கும் கைமாற்றுதான் குறியெதிர்ப்பை. மருத்துவரிடம் அதற்கும் வழியில்லை. உயிரை அளக்க உழக்கு ஏது?

ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா இதை விரிவாக அலசியிருக்கிறார். மருத்துவருக்குத் தரும் கட்டணம் அவர் உழைப்புக்கு ஈடாகுமே தவிர, மீண்ட உயிருக்கு ஈடாகாது என்பது அவர் கருத்து. நாடி பிடித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறவருக்குக் கட்டணத்தோடு கணக்குத் தீர்ந்தது. நோயாளிக்காகத் தேவைக்கு மேல் கவலைப்பட்டவருக்குப் பட்ட கடன்தான் நிற்கிறது.

பௌத்த நூலான வினய பிடகம் சொல்லும் மருத்துவர் ஜீவகரின் கதை இன்னும் நுட்பமானது. உஜ்ஜயினி அரசன் பஜ்ஜோதனின் நோய்க்கு நெய்தான் மருந்து. அவனுக்கோ நெய் என்றாலே ஆகாது. ஜீவகர் நெய்யைக் கஷாயம்போலக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அவன் கோபத்துக்கு அஞ்சி யானையேறி ஓடிவிட்டார். குணமான அரசன், வந்தால் வரம் தருவதாகச் சொல்லியனுப்பினான். தாம் செய்ததை அரசர் நினைவில் வைத்திருந்தால் போதும் என்று பதில் போனது. பிறகு வந்த விலையுயர்ந்த ஆடைகளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் புத்தருக்குக் கொடுத்தார். துறவிகள் இல்லறத்தார் தரும் ஆடையை ஏற்க அதன் பிறகே புத்தர் அனுமதி தந்தார்.

நடைமுறையில் ‘அன்பளிப்பு’ என்ற சொல் கறைபட்டுக் கிடக்கிறது. பிரசவ வார்டில் குழந்தையைக் காட்டவே காசு கேட்பதும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. கேட்டு வாங்குவது நன்றியில் சேராது. அரசு ஊழியர் தம் கடமையைச் செய்யப் பணம் வாங்குவது 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம். மருந்து நிறுவனங்களிடம் மருத்துவர்கள் பரிசு பெறுவதை இந்திய மருத்துவக் கவுன்சில் 2009இல் தடை செய்தது. சிகிச்சை நடக்கும்போது நோயாளி தரும் பரிசும் மருத்துவரின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துவிடலாம்: அடுத்த கட்டிலில் பழத்தட்டு வாங்க வசதியில்லாத ஒருவர் படுத்திருக்கிறார்.

ஆகவே கொடுப்பது வீடு திரும்பிய பிறகாக இருக்கட்டும். பணமோ நகையோ வேண்டாம். எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பண்டமாக இருப்பது நல்லது. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு தூக்கு நிறைய சுண்டல் போதும். சரக சம்ஹிதையும் திருக்குறளும் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்லும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பணிவிடை செய்பவரையும் சேர்க்கின்றன. பரிசுகளோ பெரும்பாலும் மருத்துவர் அறையோடு நின்றுவிடுகின்றன.

எல்லாவற்றிலும் சிறந்தது, யார் என்ன செய்தார் என்று குறிப்பிட்டு எழுதிய ஒரு கடிதம். ஜீவகர் கேட்டதும் அந்த நினைவைத்தான். அதில் இரவு 2 மணிக்கு டிரிப் மாற்ற வந்த செவிலியரின் பெயரும் இருக்கட்டும்.