எதிர்ப்பாற்றல் யாருடைய தகுதி?

கசநோய்க் கிருமி உடலுட் புகுந்தோர் அனைவரும் கசநோயாளராவதில்லை. தொற்றுக்குள்ளானோரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையிலேயே தம் வாழ்நாளில் நோய்வாய்ப்படுகின்றனர். ஏனையோர் உடலிற் கிருமி அடங்கிக் கிடக்கின்றது, அல்லது அழிந்தொழிகின்றது. 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் றொபேட் கொக் இக்கிருமியைப் பேர்லினில் அறிஞர் அவை முன் எடுத்துக் காட்டியபோது நோயின் காரணம் தெளிவாயிற்று. ஆயின் 'இவனுக்கு வந்தது அவனுக்கு ஏன் வரவில்லை?' என்ற பழைய வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை. கிருமி எங்கும் உளது என்பது தெரிந்த பின்னர் அவ்வினா முன்னிலும் கூர்மை பெற்றது எனலாம்.

இத்தகைய வினாவுக்கு ஊழ் என்று விடை கூறுவது நமக்குப் பழக்கமானது. 1907இல் இலண்டனிற் கால் பியர்சன் கூறிய விடை புள்ளிவிபரவியலின் மொழியில் அமைந்தது. நகரவாசிகள் யாவரும் கிருமியை எதிர்கொள்கின்றனர். எனவே அவர்களை வேறுபடுத்துவது பெற்றோர்வழி வந்த உடல்வாகே என அவர் வாதித்தார். அவரது வாதம் அத்துடன் நிற்கவில்லை. கசநோய் ஒழிப்பு இயக்கங்களின் பயனை அவர் ஐயுற்றார். 1911இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதலாவது இனமேம்பாட்டியற் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. உடல் தாங்காது என்ற கூற்றிலிருந்து தாங்காத உடலைப் பேணுவது வீண் என்ற கூற்றுக்கு அக்காலத்து அறிஞர் பலர் எவ்விதத் தயக்கமுமின்றிச் சென்றனர். முன்னது உயிரியல் பற்றியது. பின்னது அறம் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாதை உண்மையிலேயே உளதா என்பதே இங்கு ஆராயப்படுவது. அதனை ஆராய்வதற்குச் சுண்டெலியைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பதரிது.

ஆய்வுகூடச் சுண்டெலிக் குலங்கள் இயற்கையில் உள்ளவையல்ல. உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் இருபது தலைமுறைகளுக்குக் குறையாமல் இணைசேர்த்து வர, ஒரு குலத்து எலிகள் யாவும் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டனவாகின்றன. உணவும் கூடும் ஒன்றே. ஊசிவழி ஏற்றப்படும் கிருமியின் அளவும் ஒன்றே. அதன் பின்னரும் இரு குலங்களிடையே வேறுபாடு தோன்றுமாயின் அது பரம்பரையால் வந்ததென்றே கொள்ளவேண்டும். மொன்றியலில் பிலிப் குறோ, எமில் ஸ்காமீன் முதலியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையினது. தடுப்பூசியிற் பயன்படும் பீ.சீ.ஜீ. என்னும் வலுக்குன்றிய மைக்கோபற்றீரியாவைச் சிறிதளவில் எலிகளுக்கு ஏற்றி, மூன்று வாரங்களின் பின் மண்ணீரலிலுள்ள கிருமிகளை எண்ணினர். சீ57 கறுப்புக் குலத்திற் கிருமி பன்மடங்கு பெருகியிருந்தது. ஏ குலத்திற் பெருகவில்லை. இரண்டையும் கலந்து பெற்ற முதற்சந்ததி முழுவதும் எதிர்ப்புடையதாயிருந்தது. அதனை மீண்டும் எதிர்ப்பற்ற குலத்துடன் கலந்தபோது சந்ததி பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. மெண்டலின் பட்டாணிச் செடிகளை நினைவூட்டும் இம்முடிவு ஒரேயொரு பரம்பரையலகையே சுட்டியது. சல்மொனெல்லாவுக்கும் லீஷ்மானியாவுக்கும் எதிரான ஆற்றலை நிருணயிப்பதாக 1970களிற் கண்டறியப்பட்ட அலகுகளும் முதலாம் நிறமூர்த்தத்தின் அதே இடத்தையே காட்டின. இம்மூன்றும் தின்குழியத்துக்குள்ளேயே குடியிருந்து வாழும் கிருமிகள் என்பது நோக்கத்தக்கது.

1993இல் அவ்வலகு பிரித்தெடுக்கப்பட்டு என்றாம்ப்-1 எனப் பெயர் பெற்றது. அது ஆக்கும் புரதம், தின்குழியம் விழுங்கிய கிருமி அடைபட்டிருக்கும் பையின் சுவரில் அமைகின்றது. மங்கனீசு, இரும்பு முதலிய உலோக அயன்களை அப்பையிலிருந்து வெளியேற்றிக் கிருமியைப் பட்டினி போடுவதே அதன் தொழில் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் துணிபு. எதிர்ப்பற்ற குலங்களில் இப்புரதத்தின் 169ஆம் இடத்திற் கிளைசீனுக்குப் பதிலாக அஸ்பாற்றிக் அமிலம் அமர்ந்துள்ளது. ஓர் அமினோ அமிலம் மாறியது, புரதம் பயனற்றதாயிற்று. பியர்சன் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் கதை இங்கு முடியவில்லை. பீ.சீ.ஜீ. மனிதரைக் கொல்லும் கிருமியன்று. கொல்லும் கசநோய்க் கிருமியை அதே குலங்களுக்கு ஏற்றினால் நிகழ்வது யாது? நியூயோர்க் மாநிலத்துச் சறனாக் ஏரியிலுள்ள ட்றூடோ நிறுவனத்தில் றொபேட் நோத் முதலியோர் 1990களின் பிற்பகுதியில் இதனை ஆராய்ந்தனர். பீ.சீ.ஜீ.யிடம் தோற்ற சீ57 கறுப்பு எலியும் பல்ப் எலியும் நெடுநாள் உயிர்வாழ்ந்தன. பீ.சீ.ஜீ.யை வென்ற டீ.பீ.ஏ., சீ3எச் முதலிய குலங்களே விரைந்து மாண்டன. வரிசை அப்படியே தலைகீழாயிற்று. 1999இல் என்றாம்ப்-1 அலகை முற்றாக நீக்கிய எலிகளையும் அது உள்ள எலிகளையும் ஒப்பிட்டபோது, கொல்லும் கிருமியைப் பொறுத்தவரை அவ்வலகு இருப்பதும் இல்லாததும் ஒன்றே எனத் தெரிந்தது. அவ்வாய்வில் அவ்வலகைக் கண்டறிந்த குறோவும் பங்குபற்றினார் என்பது அறிவியலுக்குப் பெருமை தருவதொன்று.

இனி, 'எதிர்ப்புடைய எலி' என்னும் தொடருக்குப் பொருள் யாது? எதற்கு எதிர்ப்புடையது, எவ்வளவு கிருமிக்கு, எவ்வழி புகுந்த கிருமிக்கு, எத்தனையாம் நாளில் என்று கேளாமல் அத்தொடர் பொருள் தருவதில்லை. உயரம் போன்றோ நிறம் போன்றோ எதிர்ப்பாற்றல் ஓர் உடலிற் குடிகொண்டுள்ள பண்பன்று. ஓர் உடலுக்கும் ஒரு கிருமிக்கும் இடையில், ஒரு சூழலில், நிகழ்வது அது. நமது மொழி இவ்விடத்தில் நம்மை ஏமாற்றுகின்றது. 'ஆற்றல்' எனும் சொல்லிலேயே ஒரு பாராட்டு ஒளிந்துள்ளது. 'எதிர்ப்பற்றவன்' என்பதில் ஓர் இழிவு. டீ.பீ.ஏ. எலி பீ.சீ.ஜீ. ஆய்வுடன் நின்றிருந்தால் உயர்குலத்தோன். மறு ஆய்விற் கடையன். எலி மாறவில்லை. பகையே மாறியது.

இக்குலங்களின் தோற்றுவாயும் சிந்தனைக்குரியது. டீ.பீ.ஏ. குலத்தை 1909இலும் சீ57 கறுப்புக் குலத்தை 1921இலும் தொடக்கியவர் கிளாறன்ஸ் குக் லிற்றில் என்பவர். 1929இல் மேய்ன் மாநிலத்தில் ஜக்சன் ஆய்வுகூடத்தை நிறுவியவரும் அவரே. உயிரியல் அவருக்குப் பெரிதும் கடன்பட்டுள்ளது. இனமேம்பாட்டு இயக்கத்திலும் அவர் முன்னின்றார். 1954 முதல் அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் அமைத்த ஆராய்ச்சிக் குழுவின் அறிவியற் பணிப்பாளராகி, புற்றுநோயிற் பரம்பரை உடலமைப்பின் பங்கையே வலியுறுத்தி வந்தார். புகைப்பவர் அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லையே என்ற வாதம், கிருமி புகுந்த அனைவருக்கும் கசநோய் வருவதில்லையே என்ற வாதத்தின் உடன்பிறப்பு. முதலாவது வாதத்தால் இலாபமடைந்தோர் யாரென்பது வெளிப்படை. இரண்டாவதாலும் இலாபமடைவோர் உண்டு. நெருக்கமான விடுதிகளுக்கு வாடகை வாங்குவோரையும், காற்றோட்டமற்ற சுரங்கங்களை நடத்துவோரையும் முதலிற் குறிப்பிடலாம்.

ஆய்வுமுறையிலேயே மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. எலிகளிடையே பரம்பரையின் கை தெளிவாகத் தெரிந்தது ஏன்? உணவு, இருப்பிடம், தொற்றின் அளவு ஆகிய அனைத்தையும் சமமாக்கிய பின்னரே அது தெரிந்தது. சூழல் சமமாகுந்தோறும், எஞ்சிய வேறுபாட்டிற் பரம்பரையின் பங்கு பெரிதாகத் தோன்றும். சூழல் சமமற்றதாயின் அப்பங்கு சிறிதாகும். ஆகவே பரம்பரையின் பங்கு எவ்வளவு என்ற கணக்கு பரம்பரையைப் பற்றியது மட்டுமன்று. அது சூழலின் சமத்துவம் பற்றியதுமாகும். சமத்துவமற்ற சமுதாயத்தில் நின்றுகொண்டு ஏழையின் நோய்க்கு அவன் பரம்பரையைக் காட்டுபவர், ஆய்வுகூடத்திற் பெற்ற விடையை அது செல்லாத இடத்திற் செலவிடுகின்றார். நீதியான ஒரு சமுதாயம் என்றேனும் அமையுமாயின், அங்கு எஞ்சும் நோயே பெரிதும் பரம்பரையால் வந்ததாயிருக்கும். அந்த நாளில் அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். ஆனால் அன்று அதனைச் சொல்வதால் எவருக்கும் ஆதாயம் இராது.

ட்றூடோ நிறுவனத்துக்குப் பெயரளித்த எட்வேட் ட்றூடோ இதன் மறுபக்கத்தை 1886இலேயே முயலைக் கொண்டு காட்டியிருந்தார். அவரே ஒரு கசநோயாளர். ஐந்து முயல்களுக்குக் கிருமியேற்றி இருளும் ஈரமும் நிறைந்த இடத்தில் அரைவயிற்று உணவுடன் அடைத்தார், நான்கு இறந்தன. கிருமியேற்றாத ஐந்தினை அத்தகைய இழிநிலையிலேயே வைத்தார், மெலிந்தனவேயன்றி இறக்கவில்லை. கிருமியேற்றிய வேறு ஐந்தினை ஒரு தீவில் வெயிலிலும் காற்றிலும் நிறைந்த உணவுடன் திரியவிட்டார், ஒன்றே இறந்தது. பதினைந்து முயல்கள் மிகச் சிறிய தொகை என்பது உண்மை. ஆயினும் கிருமியின்றி நோயில்லை, கிருமி மட்டுமே நோயுமன்று என்ற இரண்டையும் ஒருங்கே காட்டும் அமைப்பு அதிலுண்டு.

அங்ஙனமாயிற் பரம்பரை பொருட்படுத்தத் தக்கதன்று என்பது முடிவாகுமா? ஆகாது. அவ்வாறு கூறுவோர் எதிரணியினரின் தவற்றை மறுதிசையிற் செய்கின்றனர். நிர்ப்பீடனத் தொகுதியிற் சில கண்ணிகள் இன்றியமையாதவை. காமா இன்ரபெரோன் என்பது தின்குழியத்தைக் கொல்லும் நிலைக்குத் தூண்டும் புரதம். அதனை ஆக்கும் அலகு நீக்கப்பட்ட எலிகள் கசநோய்க் கிருமியைத் தாங்காது விரைவில் மடிவதை 1993இல் இரு அமெரிக்கக் குழுக்கள் காட்டின. இங்கு உணவும் காற்றும் காப்பாற்றவில்லை. மூன்றாண்டுகளின் பின் மனிதரிலும் அது கண்டறியப்பட்டது. மோல்ற்றாவின் ஒரு கிராமத்துப் பிள்ளைகள் சிலர், பிறரைத் தீண்டாத சூழல் மைக்கோபற்றீரியாக்களால் நோயுற்றிருந்தனர். துனீசிய வழிவந்த ஒரு குழந்தை பீ.சீ.ஜீ. தடுப்பூசியாலேயே இறந்திருந்தது. அப்புரதத்தை ஏற்கும் வாங்கி அவர்களின் கலங்களில் இல்லையென 1996இல் இலண்டன், பாரிசு ஆய்வாளர் அறிவித்தனர்.

பியர்சனின் பாதையிற் செல்வோர் இப்பிள்ளைகளைப் பேணுவது வீண் என்றே கூறவேண்டும். மருத்துவர் செய்தது வேறு. இத்தகைய குடும்பங்களிற் பிறக்கும் குழந்தைக்குச் சோதித்தறியும்வரை பீ.சீ.ஜீ. ஊசி ஏற்றலாகாது என்று கொண்டனர். வாங்கி குறையளவில் இயங்குவோருக்குக் காமா இன்ரபெரோனை மருந்தாக ஏற்ற, அவர்கள் தேறினர். வாங்கி அறவே இயங்காதோருக்கு அம்மருந்து பயன்படாது. அவர்களுக்குப் பொருத்தமானவரின் எலும்பு மச்சையை மாற்றி வைத்தலே வழியாயிற்று. அம்மாற்றுச் சிகிச்சை எளிதன்று. கிருமித்தொற்று அடங்குமுன் செய்யப்பட்டவற்றுட் பல தோல்வியுற்றன. எனவே குறைபாட்டை நோய் முற்றுமுன் கண்டறிவதிலேயே அவர்களின் உயிர் தங்கியுள்ளது.