சுரம் பார்த்துத் தேவாரம் பாடலாமா?

தேவாரத்தைச் சுரக்குறிப்பு பார்த்துப் பாடினால் அது வழிபாடா, வெறும் இசைப் பயிற்சியா? மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு.

ரப்பர்த் தோட்டங்கள் இருந்தவரை மெட்டைக் காத்தது காதுதான். தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிய கோயிலில் பெரியவர் ஒருவர் முன்னே பாட, பிள்ளைகள் கேட்டுப் பின்பாடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் என்று பிரிந்தபோது கூடிப் பாடிய கூட்டம் கலைந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடிந்தது. மெட்டை அப்படிக் கொண்டுவர வழியில்லை.

சைவ மரபு இந்த இழப்பை முன்பே கண்டிருக்கிறது. இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் செல்லரித்த ஏடுகளை மீட்டதைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. பாட்டு கிடைத்தது, பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டுதான் பண் வகுத்தார்களாம். எழுத்தும் வேண்டும், குரலும் வேண்டும் என்று மரபே ஒப்புக்கொண்ட இடம் இது.

வேறொரு சமய மரபிலும் இதே தேவை எழுந்தது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியில் குய்டோ என்ற துறவி, கேட்டறியாத துதிப்பாடலையும் பார்த்தே பாடும் முறையை மடத்துப் பாடகர்களுக்கு வகுத்தார். மனப்பாடத்திலேயே ஆண்டுகள் கழிகின்றனவே என்ற வருத்தம் அவருக்கு. ஐரோப்பாவிலும் இந்தத் திறன் வழிபாட்டுக்காகவே வளர்ந்தது.

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகள் பதிகத்தை மனனம் செய்கிறார்கள். அருமையான வழக்கம். ஆனால் சுரம் படிக்கத் தெரியாத பிள்ளை, அடுத்த பதிகத்துக்கும் சொல்லித்தர ஒருவரைத் தேட வேண்டும். தெரிந்த பிள்ளை, தனியாகவே இறைவன் முன் நின்று புதிய பதிகத்தைத் தொடங்கலாம்.

இதைக் கற்பிக்கும் வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இசை வகுப்பின் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்குகிறது. இந்தளப் பண்ணை இன்று பாடுவதும் அந்த ராகத்தில்தான். சரளி முடித்த பிள்ளைக்கு இந்தளப் பதிகத்தின் முதலடியைப் பலகையில் சுரமாக எழுதிக் கொடுக்கலாம். சுருதி ஒலிக்க, கையால் தாளம் போட்டு, முதலில் சுரம், அடுத்து அகாரம், கடைசியில் சொல். ஆசிரியர் முந்திப் பாடிக் காட்டக் கூடாது. வீட்டிலும் கீபோர்டைத் தொடாமல் பாடிவிட்டு, பிறகே ஓதுவாரின் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும்.

கமகத்தையும் தாளமில்லாமல் விரியும் விருத்தத்தையும் சுரக்குறிப்பு முழுதாகப் பிடிக்காது. அவை குருவின் வாயிலிருந்து வரவேண்டியவை. தோட்டக் கோயில்களில் பாடிய மூத்தவர்களை வகுப்புக்கு அழைத்துப் பாடச் சொல்லி, சுரம் பழகிய பிள்ளைகளைக் கொண்டே அந்த மெட்டுகளை எழுதி வைக்கலாம்.