மூணு பேருக்கு ஒரு வாசலா?

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் வொயிட்டெய்ல் என்று ஒரு குக்கிராமம். எல்லையைத் தாண்டி வடக்கே போனால் கனடாவின் பிக் பீவர். நடுவில் ஒரு சோதனைச் சாவடி. அதைக் கடந்தவர்கள் நாளைக்கு ரெண்டு, மூணு பேர். அவ்வளவுதான்!

2011-ல் கனடா தன் பக்கத்துச் சாவடியை மூடியது. ஊர்க்காரர்கள் எதிர்த்தும் பயனில்லை. அமெரிக்காவோ தன் சாவடியைப் புதுப்பிக்கப் பல லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தது. வீடு ரெண்டு, கதவு ஒன்று. ஒருத்தர் தாழ்ப்பாள் போட்டால் தீர்ந்தது கதை. 2013-ல் அந்தப் பக்கமும் மூடப்பட்டது.

'மூணு பேருக்காக அதிகாரிகளுக்குச் சம்பளமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கூட்டிப் பார்த்தால் லாபம். பங்கு போட்டுப் பாருங்கள்: மிச்சமான பணத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு ஆளுக்குச் சில காசு. நஷ்டமோ முழுசாகச் சில குடும்பங்களுக்கு. பக்கத்து ஊருக்குப் போக, வேறு சாவடி வழியாக ஆயுசு முழுக்கச் சுற்றணும்.

மூடவே கூடாது என்று சொல்லவில்லை. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு, அந்தச் சுற்றுவழிச் சாலையைச் சீராக்கவாவது போக வேண்டாமா? போகாவிட்டால், அரசு செலவைக் குறைக்கவில்லை. அந்த மூணு பேர் தலையில் கட்டிவிட்டது.