ஹாரன்

2023 நவம்பர். தீபத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. திருவண்ணாமலை அண்ணா சிலை பக்கம் ஒரு ஆர்ப்பாட்டம். நூறு பேர் இருப்பார்கள். செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்காக 3,174 ஏக்கர் எடுப்பதை எதிர்த்து ஜூலையிலிருந்து போராடியவர்களில் 7 பேர் மீது குண்டர் சட்டம் போட்டிருந்தார்கள். கள்ளச்சாராயக்காரர்கள், ரவுடிகள் போன்றவர்களுக்காக 1982இல் வந்த சட்டம். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

மைக் கரகரத்தது. ஒரு போலீஸ்காரர் ஒவ்வொரு முகமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பாதி ரோடு அடைத்திருந்தது. என் பைக்குக்கு முன்னால் ஒரு பாட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஹாரன் அடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பாட்டி திரும்பிப் பார்த்து, காலை மடக்கிக்கொண்டு, "போ சாமி" என்றார். கோபமே இல்லை.

தீபத்தன்று வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். ஊரே அடைத்துக் கிடந்தது. எனக்கு எரிச்சல் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. லட்சக்கணக்கானவர்களுக்காகப் பல மணி நேரம் ஒதுங்கத் தெரிந்த எனக்கு, நூறு பேருக்காகப் பத்து நிமிஷம் நிற்க ஏன் முடியவில்லை?

தீபம் முன்கூட்டியே தெரிந்த விஷயம், திட்டமிட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு எந்த அவசரமும் இல்லை. டீ குடிக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். கிரிவலக் கூட்டம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கும்பிட்டாலும் சரி, வேடிக்கை பார்த்தாலும் சரி. ஆர்ப்பாட்டம் அப்படியில்லை. 'இது உனக்குச் சம்மதமா?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வி என் காதில் விழாமல் இருக்கத்தான் ஹாரன் அடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நிலம் பற்றி எனக்குத் தெளிவான பதில் கிடையாது. செய்யாறு தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய நண்பர்கள் எனக்கு உண்டு. தொழிற்சாலை எங்கேயாவது ஒரு மண்ணில்தான் எழும்ப வேண்டும். எல்லா மறியலும் நியாயம் என்றும் சொல்ல வரவில்லை. ஆம்புலன்ஸ் போயே ஆக வேண்டும். ஆனால் ஒரு கோரிக்கையை ஏற்பது வேறு, அதைக் காது கொடுத்துக் கேட்பது வேறு. முதலாவது என் விருப்பம். இரண்டாவது என் கடமை என்றே நினைக்கிறேன், அதுவும் விசாரணையே இல்லாமல் ஆட்களை உள்ளே வைத்திருக்கும்போது. அவர்கள் தரப்பைச் சொல்ல அன்றைக்கு அந்தத் தெருதான் இருந்தது. கேட்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

பிறகு, குடும்பத்தினர் கொடுத்த மனுக்களின் பேரில் 6 பேர் மீதான உத்தரவை அரசே விலக்கிக்கொண்டது. செய்தியைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று தெரியவில்லை. அந்த மூன்று ஹாரனில் மட்டும் சந்தேகமே இல்லை, அது என்னுடையதுதான்.