ரத்தம் வந்தால் பின்வாங்காதீர்கள்!

தாடை எலும்பில் திருகிப் பொருத்திய இம்பிளான்ட் பல்லைச் சுற்றி ஒரு பொட்டு ரத்தம். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோகவே பயம்! யார் கற்றுக்கொடுத்தது இந்தப் பயத்தை? நிதானமாகத் தேய்த்தும் ரத்தம் கசிகிறதென்றால், குற்றவாளி பெரும்பாலும் உங்கள் பிரஷ் அல்ல. இம்பிளான்ட்டின் மேல் மாட்டிய கேப்பின் விளிம்பில் நாள்கணக்காகப் படிந்துகிடக்கும் கிருமிப்படலம். இப்போது பிரஷ்ஷைக் கீழே வைப்பது, எதிரி வாசலுக்கு வந்தபின் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவது!

ஸ்வீடனில் 1965-ல் பேராசிரியர் பிரானெமார்க், தாடைக் குறைபாட்டோடு பிறந்த யோஸ்டா லார்ஸன் என்பவருக்கு இதே போன்ற டைட்டானியம் திருகுகளைப் பொருத்தினார். 2006-ல் இறக்கும்வரை அவற்றால்தான் லார்ஸன் மென்றார். நாற்பது ஆண்டு! உங்களுடையது மட்டும் ஏன் நிலைக்காது?

டைட்டானியம் சொத்தையாகாது என்று அசட்டையாகவும் இருந்துவிடாதீர்கள். சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் உயிருள்ளவை. சொந்தப் பல்லைத் தாடையோடு கட்டிப்பிடிக்கும் நார்கள் இங்கே இல்லை. அழற்சி ஈறைத் தாண்டிவிட்டால் எலும்பு வேகமாகக் கரையும், அதுவும் பெரும்பாலும் வலியே இல்லாமல். கரைந்த எலும்பை முழுதாக மீட்பது கடினம்; அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். ஆனால் ஈறு மட்டும் சிவந்து வீங்கிய கட்டத்தில் ஆட்டம் உங்கள் கையில்! அதை முழுமையாகக் குணப்படுத்தலாம். சில வாரம் பிடிக்கும், பொறுங்கள்.

மிருதுவான பிரஷ்ஷை ஈறு விளிம்போடு சாய்த்துப் பிடியுங்கள். கம்பியில் பிளாஸ்டிக் பூச்சுள்ள குட்டி இடுக்கு பிரஷ்ஷை தினமும் இருபுறமும் நுழைத்து எடுங்கள். மவுத்வாஷ் கொப்பளிப்பது துணைப்படைதான். ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வெற்றி விழா கொண்டாட முடியாது. சிகரெட்டை விடுங்கள், ரத்தச் சர்க்கரையை அடக்குங்கள்.

பல் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள், காசு கொடுத்தவர் நீங்கள்! ஈறுக்கும் இம்பிளான்ட்டுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளந்தீர்களா? பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டீர்களா? கேப்பை ஒட்டிய சிமென்ட் ஈறுக்கடியில் மிச்சம் இருக்கிறதா? கேப் பருமனாக இருந்து பிரஷ் நுழையவில்லையென்றால், வடிவத்தைத் திருத்தச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, சர்க்கரை உள்ளவர்களும் முன்பே ஈறுநோய் வந்தவர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, போய் உட்காருங்கள். கேப் ஆடினாலோ சீழ் வந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். இன்றே போன் போடுங்கள்!